மலாவி மருத்துவமனையில் கற்ற சர்வதேசியம்

(டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ் நினைவு நாளையொட்டித் தில்லியில் நடைபெற்ற கூட்டத்தில், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஈராண்டுகள் பணியாற்றித் திரும்பிய குழந்தைகள் நல மருத்துவத் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



டிசம்பர் 9 டாக்டர் கோட்னிஸ் மறைந்த நாள். சோலாப்பூரில் பிறந்த அந்த இளைஞர், 1938ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஐந்து மருத்துவர்களில் ஒருவர். ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த சீன மக்களுக்குத் தோள் கொடுக்க, அடிமைப்பட்டிருந்த இந்தியா அனுப்பிய குழு அது. குழுவின் தலைவர் டாக்டர் அடல், அதற்கு முன் ஸ்பெயினில் குடியரசுப் படையின் பக்கம் நின்று பணியாற்றியவர். மற்ற நால்வரும் பின்னர் நாடு திரும்பினர். கோட்னிஸ் திரும்பவில்லை. நார்மன் பெத்யூனின் பெயரால் அமைந்த மருத்துவமனையின் பொறுப்பை ஏற்று, இரவு பகல் பாராது அறுவை சிகிச்சைகள் செய்து, 1942இல் தமது 32ஆம் வயதில் அங்கேயே மறைந்தார்.

அவருடைய நினைவு நாளில் பேசும்படி தோழர்கள் என்னைக் கேட்டபோது தயங்கினேன். நான் போர்முனைக்குச் சென்றவனல்லன். மாதச் சம்பளம் பெற்று, ஒப்பந்தம் முடிந்ததும் விமானமேறித் திரும்பியவன். ஆயினும், வசதியற்ற ஒரு மருத்துவமனையில் அந்நிய நாட்டு மருத்துவனாக நின்றபோது நான் கற்றவை எனக்கு மட்டும் உரியவையாக இருக்கக் கூடாது என்று எண்ணினேன். என்னுடைய ஒரு பிழையையும் இங்கே மறைக்காமல் சொல்லப்போகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த உரையில் பொருளில்லை.

வார்டு

மலாவி, தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையற்ற ஒரு சிறு நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடி. 28 மாவட்டங்கள். மக்களில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலங்களில் மக்காச்சோளம் பயிரிட்டு உண்டு வாழும் விவசாயிகள். 2021இன் இறுதியில் நான் சென்று சேர்ந்தது, நாட்டின் தென்பகுதியில் உள்ள ஒரு மாவட்ட மருத்துவமனை.

நவம்பரில் மழை தொடங்கும். மழையோடு மலேரியாவும் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, சென்ற ஆண்டின் தானியம் தீர்ந்து புது விளைச்சல் வருவதற்கு முந்தைய பசிக்காலம். மலேரியாவும் பசியும் ஒரே மாதங்களில் சேர்ந்து வருகின்றன என்பதே அந்நாட்டுக் குழந்தைகளின் விதியை எழுதுகிறது. அந்த மாதங்களில் எங்கள் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள் படுத்திருப்பார்கள். சில நாட்களில் மூன்று. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே தரையில் தாய்மார்கள் அமர்ந்திருப்பார்கள்.

அங்கே நோயாளியுடன் வந்து தங்கும் உறவினரைக் 'கார்டியன்' என்று அழைப்பார்கள். அவரில்லாமல் மருத்துவமனை ஒரு நாளும் இயங்காது. சமைப்பவர், துணி துவைப்பவர், நோயாளியைக் குளிப்பாட்டுபவர், இரவில் சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து நர்சை அழைப்பவர் எல்லாம் அவரே. மருத்துவமனை வளாகத்தின் பின்புறத்தில் அவர்கள் விறகடுப்பில் மக்காச்சோள மாவைக் கிண்டி 'என்சிமா' சமைக்கும் புகை காலையில் வார்டுக்குள் வரும். நமது அரசு மருத்துவமனைகளின் வராந்தாக்களில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நமது தாய்மார்களை அறிந்த எனக்கு அந்தக் காட்சி புதிதாக இல்லை.

புதிதாக இருந்தது வேறொன்று. வார்டை உண்மையில் நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். 'கிளினிக்கல் ஆபீசர்' எனப்படும் பணியாளர்கள். மூன்றாண்டு டிப்ளமா படித்து, ஓராண்டு பயிற்சி முடித்தவர்கள். மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன் அறுவை சிகிச்சைகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் இவர்களே. எலும்பு முறிவு, குடலிறக்கம், வலிப்பு, பேறுகால இரத்தப்போக்கு என எதுவானாலும் முதலில் கை வைப்பவர் கிளினிக்கல் ஆபீசர்தான். பட்ட மேற்படிப்பு முடித்துச் சென்ற நான், இவர்களுக்குக் கற்பிக்கப்போகிறேன் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன். அந்த நினைப்பு நீடிக்கவில்லை.

மின்சாரமும் மூச்சும்

முதலில் ஆக்சிஜனைப் பற்றிச் சொல்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அனைவரும் அதன் அருமையை அறிந்தோம். இந்தத் தில்லி மாநகரிலேயே 2021 ஏப்ரலில் மனிதர்கள் சிலிண்டரைத் தேடி ஓடினார்கள். மலாவியின் வார்டுகளில் ஒவ்வொரு மழைக்காலமும் அத்தகையதே.

எங்களிடம் இருந்தவை ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்கள். காற்றிலிருந்து நைட்ரஜனை நீக்கி ஆக்சிஜனைத் தரும் பெட்டிகள். சிலிண்டரை லாரியில் ஏற்றி வர வேண்டியதில்லை என்பது அவற்றின் சிறப்பு. மின்சாரம் இல்லாவிட்டால் வெறும் பெட்டி என்பது அவற்றின் குறை. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் ஒரு பெட்டியிலிருந்து, ஃப்ளோ ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பான் வழியாக நான்கைந்து குழந்தைகளுக்குக் குழாய் போகும். ஐந்தாவது குழாய்க்குப் பிறகு ஆறாவது குழந்தை வந்தால் யாருடைய குழாயை எடுப்பது? இதற்குப் பாடப்புத்தகத்தில் விடை கிடையாது. யாருக்கு அது இல்லாமலும் பிழைக்க வாய்ப்புண்டோ அவரிடமிருந்து எடுக்க வேண்டும். விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் கட்டில் கட்டிலாகச் சென்று இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்போம்.

2022 ஜனவரியில் அனா புயல் தாக்கியது. ஷிரே நதியின் குறுக்கே உள்ள கப்பிச்சிரா நீர்மின் நிலையம் சேதமடைந்தது. மலாவியின் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்த நதியிலிருந்து வருவது. அதன் பிறகு பல மாதங்கள் மின்வெட்டு நீண்டது. ஜெனரேட்டர் உண்டு. டீசலுக்குப் பணம் வேண்டும். டீசலோ வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படுவது. ஒரு நள்ளிரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் இயங்காமல், கான்சென்ட்ரேட்டரின் ஒலி நின்றதும் வார்டே விழித்துக்கொண்டது. இருந்த ஒரே சிலிண்டரைத் திறந்தோம். காலை ஆறு மணி வரை அது தாங்கியது. இரண்டு குழந்தைகள் தாங்கவில்லை.

இத்தகைய மருத்துவமனைகளில் வறுமையிலிருந்தே பிறந்த அறிவும் உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்க, மூக்கின் வழியே இடைவிடாத அழுத்தத்தில் காற்றுச் செலுத்தும் 'பபிள் சீபேப்' கருவியின் மலிவான வடிவம் ஒன்று மலாவியின் பிளான்டயர் நகரிலுள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் சோதிக்கப்பட்டது. குழாயின் மறுமுனை தண்ணீர் நிரம்பிய ஒரு பாட்டிலில் மூழ்கியிருக்கும், அவ்வளவே. 2014இல் வெளியான அந்த ஆய்வில், கருவி பெற்ற குழந்தைகளில் 71 சதவீதமும், பெறாதவர்களில் 44 சதவீதமும் பிழைத்தனர். இன்குபேட்டர் இல்லாத இடத்தில் தாயின் மார்போடு குழந்தையைத் துணியால் கட்டிவைக்கும் 'கங்காரு' முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பற்றாக்குறையினால் தோன்றியதே. இன்று பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளும் அதைப் பின்பற்றுகின்றன. மலாவித் தாய்மார்கள் தங்கள் 'சிட்டென்ஜே' துணியால் ஒன்றரைக் கிலோக் குழந்தையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, அப்படியே நடமாடி, அப்படியே உறங்கி, ஒரு மாதத்தில் அதை இரண்டு கிலோவாக்கிவிடுவார்கள்.

என் கையால் நேர்ந்த பிழை

சென்று மூன்றாவது மாதம். இரவுப் பணி. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாய் முதுகில் சுமந்து வந்தாள். வழியில் பாதித் தொலைவு சைக்கிள் டாக்சியில், மீதி நடந்து. நான்கு நாள் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் மலேரியா உறுதியானது. உள்ளங்கைகள் காகிதம் போல் வெளுத்திருந்தன. கைகால்கள் சில்லிட்டிருந்தன. நாடி நூலாக ஓடியது. அதிர்ச்சி நிலை என்று கண்டேன். நான் படித்த பாடப்புத்தகத்தின்படி, கிலோவுக்கு 20 மில்லி சலைனை விரைவாகச் செலுத்த வேண்டும்.

என்னோடு பணியில் இருந்த கிளினிக்கல் ஆபீசர் அடக்கமான மனிதர். "டாக்டர், இந்தக் குழந்தைக்கு வேகமாக நீர் செலுத்த வேண்டாம். இரத்தம் வரட்டும்" என்றார். இரத்தம் வர நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை சும்மா நிற்பதா? நான் மருத்துவன், அவர் டிப்ளமா பெற்றவர். சலைனைத் திறந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் நாடி சற்று மேம்பட்டது. எனக்கு நிம்மதி. இன்னொரு முறை செலுத்தினேன். விடியுமுன் அந்தச் சிறுமியின் மூச்சு இரைக்கத் தொடங்கியது. வாயோரம் நுரை வந்தது. இரத்தப் பை வந்து சேர்ந்தபோது அதை ஏற்ற நரம்பு கிடைத்தது, உயிர் இல்லை.

தாய் தன் துணியால் குழந்தையைச் சுற்றிக்கொண்டாள். புறப்படும் முன் என்னிடம் வந்து, இரு கைகளையும் சேர்த்து முழங்கால் மடக்கி, "சிக்கோமோ" என்றாள். நன்றி என்று பொருள்.

மறுநாள் அந்த கிளினிக்கல் ஆபீசர் என்னைக் குறை கூறவில்லை. சிகிச்சை வழிகாட்டி நூலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். 'ஃபீஸ்ட்' என்று அழைக்கப்படும் ஆய்வின் விளைவாக எழுதப்பட்ட பக்கம் அது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில், காய்ச்சலோடு அதிர்ச்சி நிலையில் வந்த 3,141 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு. விரைவாக நீர் பெற்ற குழந்தைகளில் 48 மணி நேரத்திற்குள் இறந்தோர் ஏறத்தாழ 10.5 சதவீதம். விரைவாக நீர் பெறாதவர்களில் 7.3 சதவீதம். பணக்கார நாடுகளில் பல்லாண்டுகளாக உயிர்காக்கும் முதல் நடவடிக்கை என்று கற்பிக்கப்பட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும் இல்லாத ஆப்பிரிக்க வார்டில் குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. அந்த ஆய்வைப் பற்றி நானும் படித்திருந்தேன், தேர்வுக்கான செய்தியாக. அவர் அதைத் தம் வார்டின் செய்தியாகப் படித்திருந்தார்.

அந்தச் சிறுமி வேறு சிகிச்சையில் பிழைத்திருப்பாளா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால் நான் செலுத்திய நீர் அவளுடைய முடிவை விரைவுபடுத்தியது என்றே கருதுகிறேன். அதைவிடவும் என்னை வருத்துவது, அறிந்த ஒருவர் அருகில் நின்று சொன்னதை அவருடைய சான்றிதழின் தகுதியைப் பார்த்து நான் கேளாமல் விட்டது. மருத்துவத் துறையில் இதுவும் ஒரு வர்க்க மனப்பான்மைதான் தோழர்களே. சாதியப் படிநிலையில் ஊறிய நம் நாட்டில் வளர்ந்த நமக்கு இது எளிதில் வந்துவிடுகிறது. அன்று முதல் காலைச் சுற்றில் அவர் முன்னே நடந்தார். நான் பின்னே நடந்தேன்.

அதே ஆண்டு காலரா வந்தது. 2022 மார்ச்சில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீடித்த அது, மலாவியின் வரலாற்றிலேயே மிகக் கொடியது. 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே நிலைமை நேர்மாறானது. கண்கள் குழிந்து நாடியே கிடைக்காமல் கொண்டுவரப்படும் காலரா நோயாளிக்கு நீரை எவ்வளவு விரைவாகச் செலுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. பிணம் போல் கிடத்தப்பட்டவர் இரண்டு நாளில் எழுந்து நடந்து போவார். அந்தக் கூடாரத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குவளை குவளையாகக் கொடுக்கும்போது, 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்கான் முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் செய்ததை அங்குள்ள நர்சுகளுக்குச் சொன்னேன். சலைன் தீர்ந்துபோன நிலையில் அவர் வாய்வழிக் கரைசலைப் பெருமளவில் வழங்கினார். அவருடைய பொறுப்பில் இருந்த நோயாளிகளின் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. ஒரு வங்காள அகதி முகாமின் அறிவு, ஐம்பதாண்டுகள் கழித்து ஓர் ஆப்பிரிக்கக் கூடாரத்தில் உயிர் காத்தது. அறிவு மேற்கிலிருந்து மட்டுமே வருவதன்று.

ஒரே நீர் ஒருவரைக் காக்கிறது, மற்றவரைக் கொல்கிறது. எங்கே, யாருக்கு, எந்தச் சூழலில் என்ற கேள்வி இல்லாமல் மருத்துவம் இல்லை. ஸ்தூலமான நிலைமையை ஸ்தூலமாக ஆராய வேண்டும் என்று நமது வகுப்புகளில் ஓயாமல் சொல்கிறோமே, அதன் பொருளை நான் அங்கேதான் கற்றேன்.

மருந்தின் அரசியல்

எங்கள் வார்டின் மருந்து அலமாரியே ஓர் அரசியல் பாடநூல். கடும் மலேரியாவுக்கு நாங்கள் ஊசி வழியே கொடுத்தது ஆர்ட்டிசுனேட். இதன் மூலப்பொருளான ஆர்ட்டிமிசினின் எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போராடிய வியத்நாம் வீரர்கள் காடுகளில் மலேரியாவால் மடிந்தபோது, அவர்களுக்கு உதவ மக்கள் சீனம் 1967ஆம் ஆண்டு மே 23 அன்று தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வந்தது. அந்த நாளின் பெயராலேயே அது 'திட்டம் 523' எனப்பட்டது. அதில் பணியாற்றிய தூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். பழைய குயினைனோடு ஒப்பிட்டு ஆப்பிரிக்காவின் ஒன்பது நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. இறப்பு 10.9 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு விடுதலைப் போருக்கு அளிக்கப்பட்ட தோழமை உதவி, இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நரம்புகளில் ஓடுகிறது.

அடுத்த தட்டில் எச்.ஐ.வி. மருந்துகள். டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்றிருக்கும். மலாவியில் இந்தியர்களை 'அம்வென்யே' என்பார்கள். கடைக்காரர், முதலாளி என்ற சாயல் அந்தச் சொல்லுக்கு உண்டு. ஆனால் இந்த டப்பாவைக் காட்டி ஒரு வயதான நர்ஸ் என்னிடம் சொன்னார்: "உங்கள் நாட்டு மாத்திரை வருவதற்கு முன் இந்த வார்டில் நான் பிணங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்." எய்ட்ஸுக்கான மூன்று மருந்துச் சிகிச்சைக்குப் பன்னாட்டு நிறுவனங்கள் ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் விலை வைத்திருந்தன. 2001 பிப்ரவரியில் இந்திய நிறுவனமான சிப்லா, ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மலாவி அரசு 2004 முதல் இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2011இல், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிப் பெண்கள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை என்ற கொள்கையை உலகிலேயே முதலில் நடைமுறைப்படுத்தியதும் அந்த ஏழை நாடே.

சிப்லாவால் அது எவ்வாறு இயன்றது? முதலாளியின் பெருந்தன்மை மட்டுமே காரணமன்று. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே அடித்தளம். உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளின் வலிமை இருந்தது. வெளியே மக்கள் நல அமைப்புகளின் போராட்டம் இருந்தது. அதன் விளைவாக, பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதிய காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு வலுவான வடிவில் இடம்பெற்றது. 2013 ஏப்ரல் முதல் நாள், நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை உறுதி செய்தது. தில்லியின் வீதிகளில் அந்நாளில் முழக்கமிட்டு நடந்த தோழர்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் மலாவியைப் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் நடையின் ஒரு பங்கு அந்த நர்ஸின் அலமாரியில் இருக்கிறது.

யார் வறியவர்களாக்கினார்கள்?

மலாவி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர்கள் அப்படித்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரலாறு வேறு சொல்கிறது. 'நியாசாலாந்து' என்ற பெயரில் பிரிட்டனின் காலனியாக இருந்த நாடு அது. 1964இல் விடுதலை பெற்றது. முதல் ஆட்சியாளர் ஹேஸ்டிங்ஸ் பண்டா தாமே ஒரு மருத்துவர், இங்கிலாந்தில் தொழில் செய்தவர். அவருடைய ஒற்றைக் கட்சி ஆட்சி 1994 வரை நீடித்தது. ஆயினும் நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி 1991இல்தான் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 27 ஆண்டுகள் கழித்து!

நாட்டின் முதன்மை ஏற்றுமதி புகையிலை. விளைவிப்பவர் மலாவிக் குத்தகை விவசாயி. விலையைத் தீர்மானிப்பவை பன்னாட்டு நிறுவனங்கள். 1981 முதல் உலக வங்கியின் 'கட்டமைப்புச் சீரமைப்பு' வந்தது. பொதுச் செலவைக் குறை, நாணயத்தை மதிப்பிறக்கு என்ற அதே மருந்துச் சீட்டு. நான் அங்கிருந்த காலத்திலேயே, 2022 மே மாதம் க்வாச்சா நாணயம் 25 சதவீதம் மதிப்பிறக்கப்பட்டது. 2023 நவம்பரில் மேலும் 44 சதவீதம். அதைத் தொடர்ந்து சர்வதேச நிதியத்தின் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. கையுறையும் சலைனும் டீசலும் இறக்குமதியாகும் நாட்டில் மதிப்பிறக்கம் என்றால் என்ன? சென்ற மாதம் இருந்த மருந்து இந்த மாதம் இல்லை என்பதே. பயிற்சி பெற்ற நர்சுகளோ பிரிட்டனுக்குப் போகிறார்கள். ஏழை நாடு செலவழித்துப் பயிற்றுவிக்கிறது, பணக்கார நாடு செலவின்றிப் பெற்றுக்கொள்கிறது. நமது கேரளத்தின் நர்சுகளையும், அரசுக் கல்லூரிகளில் படித்து வெளியேறும் நமது மருத்துவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

வரவு செலவுத் திட்டத்தில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க நாடுகள் 2001இல் அபூஜாவில் உறுதியேற்றன. கடனும் வட்டியும் அழுத்தும் நாடுகளில் பெரும்பாலானவை அதை எட்டவில்லை. அந்த இடைவெளியை வெளிநாட்டு நன்கொடை நிரப்பியது. நன்கொடை உயிர்களைக் காத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொடுப்பவரின் கையில் குழாயின் திருகு இருந்தது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே வெளிநாட்டு உதவிகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஜூலை முதல் நாளில் யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. அந்த கிளினிக்கல் ஆபீசர் பின்னர் என்னோடு தொலைபேசியில் பேசினார். "மாத்திரை இன்னும் இருக்கிறது டாக்டர். சோதித்து, பேசி, வீடு தேடிச் சென்று கொடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள்" என்றார். கருணைக்கும் தோழமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

தோழமைக்கு வேறு முன்னுதாரணம் உண்டு. பொருளாதார முற்றுகைக்குள் வாழும் கியூபா, 1963இல் தன் சொந்த மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறிய நிலையிலும், புதிதாக விடுதலை பெற்ற அல்ஜீரியாவுக்கு மருத்துவக் குழுவை அனுப்பியது. 1999 முதல் ஏழை நாடுகளின் பிள்ளைகளை ஹவானாவில் மருத்துவம் படிக்க வைக்கிறது. 2014இல் எபோலா பரவியபோது 250க்கும் மேற்பட்ட கியூப மருத்துவப் பணியாளர்கள் மேற்கு ஆப்பிரிக்கா சென்றனர். தன்னிடம் மிஞ்சியதைக் கொடுப்பது உதவி. தன்னிடம் இருப்பதைப் பகிர்வது சர்வதேசியம்.

திரும்பி வந்த பின்

இறுதியாக நமது நாட்டுக்கு வருகிறேன். மலாவியில் கிராமந்தோறும் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் இருக்கிறார்கள். தடுப்பூசி போடுவதும், காய்ச்சல் கண்ட குழந்தைக்கு முதல் மருந்து கொடுப்பதும் அவர்களே. அவர்கள் மாதச் சம்பளம் பெறும் அரசு ஊழியர்கள். உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்று அவ்வாறு அங்கீகரித்திருக்கிறது. உலகின் பெரும் பொருளாதாரங்களில் ஒன்று என்று மார்தட்டும் நமது அரசோ, நமது ஆஷா சகோதரிகளைத் 'தன்னார்வலர்' என்று அழைத்து ஊக்கத்தொகை மட்டும் கொடுக்கிறது. இதை அங்கே ஒரு கூட்டத்தில் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாகக் கூறியது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. மாறாக, மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து ஒப்படைக்கும் திட்டத்தை நிதி ஆயோக் முன்வைத்தது. மலாவியின் மாவட்ட மருத்துவமனையில் எத்தனையோ இல்லாமைகள். ஆனால் சிகிச்சைக்கு முன் பணம் கட்டு என்று எவரும் கேட்டதில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்ற அந்த ஒரு கொள்கையை அவர்கள் விடாமல் பிடித்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பதை நாம் இழந்துவிடலாகாது.

இளம் மருத்துவத் தோழர்கள் சிலர், தாங்களும் வெளிநாட்டில் இவ்வாறு பணியாற்றச் செல்லலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். செல்லுங்கள். ஆனால் ஒருசில மாதங்களுக்குச் செல்லாதீர்கள், அங்குள்ளவர்களுக்கு உங்களைப் பயிற்றுவிப்பதே வேலையாகிவிடும். அந்த மக்களின் மொழியைக் கொஞ்சமேனும் கற்றுக்கொண்டு செல்லுங்கள். பழுது பார்க்க ஆளில்லாத கருவிகளைக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு மருத்துவமனையின் பின்புறத்திலும் அத்தகைய நன்கொடைகளுக்கு ஓர் இடுகாடு இருக்கிறது. முதல் மூன்று மாதங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். நான் கேட்கத் தவறியதன் விலையை இங்கே சொல்லிவிட்டேன். அதைக் கொடுத்தது நானல்லன். ஒரு மூன்று வயதுக் குழந்தை.

செல்ல இயலாதவர்களுக்கு இங்கேயே பணி இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று மறியல் செய்வதும், ஆஷா ஊழியர் சங்கத்தின் கூட்டத்துக்குப் பந்தல் போடுவதும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை வர்த்தக ஒப்பந்தங்களின் பெயரால் நீர்த்துப்போகச் செய்யும் முயற்சிகளை எதிர்ப்பதும் மருத்துவப் பணியே, சர்வதேசியப் பணியே.

கோட்னிஸின் கல்லறை சீனத்தில் இருக்கிறது. அவரை அங்கே இன்றும் மக்கள் போற்றுகிறார்கள். அவர் சென்றபோது நமது நாடே விலங்கிடப்பட்டிருந்தது. நமது விலங்கு கழன்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைய இந்தியா காத்திருக்கவில்லை. அதை நினைவில் கொள்வோம்.